இலேசான மலைப்பை எத்தனை நாள் உழைக்கும்? கேள்வி பதில்

மலைநம்பி கோவில், மாஞ்சோலை, சொரிமுத்து அய்யனார் கோவில் என்று நம்ம மலைப்பக்கம் ஒருநாள் நடை போகிறவர்கள் கேட்டவை இவை. பதில்கள் 20 லிட்டர் கொள்ளளவில் அரைக் கிலோவுக்குள் எடையுள்ள முதுகுப்பைகளுக்கு மட்டும்.

அம்பாசமுத்திரம்: அண்ணாச்சி, 70 டெனியர் நைலான் பை ஒண்ணு பார்த்து வச்சிருக்கேன். துணி ரொம்ப மெலிசா இருக்கு. முள்ளுக்குத் தாங்குமா?

9,000 மீட்டர் நூல் எத்தனை கிராம் எடையோ அதுதான் டெனியர். 70 என்றால் மெல்லிய நூல்தான். ஆனாலும் நைலான் இழுவைக்கு நல்லாவே தாங்கும். கட்டம் கட்டமாகத் தடித்த இழை ஓடுகிற ரிப்ஸ்டாப் நெசவா என்று பாருங்க. அதில் கிழிசல் விழுந்தாலும் சட்டென்று பரவாது.

மெலிசுத் துணி தோற்பது உராய்வில். பாறையில் வைத்து இழுத்தால் அடிப்பாகம் சீக்கிரம் தேய்ந்துவிடும். அதனால் உடம்பு 70 ஆக இருக்கட்டும், அடித்துணி 210 டெனியருக்குக் குறையக் கூடாது.

உடைமுள் எந்தத் துணியையும் குத்தத்தான் செய்யும். குத்தின ஓட்டையால் பெரிய கேடு இல்லை. மாட்டின முள்ளோடு முன்னால் இழுத்துக்கொண்டு நடப்பதுதான் கிழிக்கிறது. ஓர் எட்டு பின்னால் வந்து முள்ளைக் கையால் எடுத்துவிடுங்க. தண்ணீர் பாட்டில் வைக்கிற பக்கப் பாக்கெட் வலையாக இருந்தால் வேண்டாம். முதலில் போவது அதுதான்.

தென்காசி: பை எந்த இடத்துல முதல்ல விடும்? கடையில வச்சே கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். பையை உள்பக்கம் வெளியே வருகிற மாதிரி புரட்டுங்க. தோள்பட்டி மேலே சேருகிற இடத்தில் நூல் முன்னும் பின்னுமாக நெருக்கி ஓடியிருக்கணும், பார்டாக் என்பார்கள். பட்டியின் நுனி தையலைத் தாண்டி ஒரு சென்டிமீட்டராவது உள்ளே நீண்டிருக்கணும். துணியின் வெட்டு ஓரத்தை நாடா வைத்து மூடியிருக்கணும். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் வாங்காதீங்க.

பழைய பையென்றால் அந்த இடத்தை வெயிலுக்கு நேரே பிடித்துப் பாருங்க. ஊசித்துளை வட்டமாக இருந்தால் சரி. முட்டை வடிவில் நீண்டு வெளிச்சம் தெரிந்தால், நூல் அறுவதற்கு முன்னாலேயே துணியின் இழைகள் விலக ஆரம்பித்துவிட்டன. உடனே உள்பக்கம் 25 மில்லிமீட்டர் நைலான் பட்டி ஒரு துண்டு வைத்துத் தைக்கக் கொடுங்க. தைக்கிறவரிடம் மூன்று விஷயம் சொல்லணும்: பாலியஸ்டர் நூல் (பருத்தி நூல் வியர்வையில் இற்றுப்போகும்), 14ஆம் நம்பர் ஊசி, அங்குலத்துக்கு எட்டுப் பத்துத் தையல். உறுதியாக இருக்கட்டும் என்று அதற்கு மேல் நெருக்கித் தைத்தால் தபால்தலை ஓரம் மாதிரி அந்த வரிசையிலேயே கிழியும்.

பாரம் ஐந்தாறு கிலோவோடு நிற்கட்டும். இரண்டு லிட்டர் தண்ணீரே இரண்டு கிலோ. நிறைந்த பையை ஒற்றைத் தோள்பட்டியில் வெட்டி இழுத்துத் தூக்குகிற பழக்கம்தான் பல பைகளைக் கெடுக்கிறது. மேலே இருக்கிற கைப்பிடி அதற்குத்தான்.

பாளையங்கோட்டை: ரெண்டு வருஷமா பரண்ல கிடந்த பை, அண்ணாச்சி. உள்ளே பிசுபிசுன்னு ஒட்டுது, ஒரு புளிச்ச வாடை வேற. துவைச்சா போயிருமா?

போகாது. துணியின் உள்பக்கம் தண்ணீர் இறங்காமல் இருக்கப் பூசின பாலியூரித்தேன் பூச்சு சிதைந்திருக்கிறது. காற்றில் உள்ள ஈரமும் சூடும் சேர்ந்து அதை உடைக்கும்; நீராற்பகுப்பு என்று பெயர். பயன்படுத்தாமல் வைத்த பைக்கும் இது வரும், ஈரத்தோடு மடித்து வைத்தால் இன்னும் சீக்கிரம் வரும். இங்கே ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்த பையை அப்படியே கட்டி, கோடையில் கொதிக்கிற பரணில் போட்டால் வேறென்ன ஆகும்?

துணி இன்னும் நல்லாத்தான் இருக்கும், தூக்கிப் போட வேண்டாம். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் தொட்டு, பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்துப் பூச்சை முழுக்க உரித்துவிடுங்க. காற்றோட்டமான இடத்தில், அடுப்புப் பக்கம் போகாமல் செய்யணும். அதன் பிறகு பை மழைக்கு ஒழுகும், உள்ளே உறை போட்டுத்தான் எடுத்துப் போகணும். இரு பக்கமும் சிலிக்கோன் பூசின துணிக்கு இந்தத் தொல்லை இல்லை. அடுத்த பை அதில் பாருங்க.

களக்காடு: ஜிப்பை மூடினா ரன்னருக்குப் பின்னாலேயே பிளந்துக்குது.

பல்லில் பழுது இல்லையென்றால் குற்றம் ரன்னரில்தான். மண் அரைத்து அரைத்து அதன் இரு தகடுகளும் விலகியிருக்கும். சின்ன குறடால் ரன்னரின் பின்முனையை, இடப்பக்கம் கொஞ்சம், வலப்பக்கம் கொஞ்சம் என்று மாற்றி மாற்றி அழுத்துங்க. ஒரே அழுத்தாக அழுத்தினால் உடைந்துவிடும். அதிலும் பிளந்தால் ரன்னரை மட்டும் மாற்றலாம்; பின்புறம் 3, 5 என்று நம்பர் இருக்கும், அதே நம்பரும் அதே வகையும் வாங்குங்க.

தேரி மண்ணில் நடந்து வந்தால் அன்றைக்கே பல்லைப் பிரஷ் போட்டுத் தட்டிவிட்டு, மெழுகுவர்த்தியை லேசாக உரசுங்க. தேங்காய் எண்ணெய் மட்டும் விடாதீங்க, மண்ணையெல்லாம் பிடித்து வைத்துக்கொள்ளும்.

கடையம்: மழைக்கு மேலுறை போதுமா?

போதாது. முதுகுப்பக்கம் மூடாது, வழிகிற தண்ணீர் அங்கேதான் இறங்கும். கெட்டியான பாலித்தீன் பையை உள்ளே விரித்து, சாமானை வைத்து, வாயை முறுக்கி மடக்குங்க. அந்த உறை புலிகள் காப்பகத்துக்குள் விழுந்துவிடாமல் திரும்பி வரணும்.

விக்கிரமசிங்கபுரம்: காரையாறு பக்கம் குரங்கு பையைக் கிழிச்சுப்போடுது. தடிச்ச துணி வாங்கினா தப்பிக்கலாமா?

தடித்த துணியானாலும் பல்லுக்குத் தாங்காது. தின்பண்டத்தை வாசனை வராத மூடி இறுகின டப்பாவில் போட்டுப் பையின் நடுவில் வைங்க, பக்கப் பாக்கெட்டில் வேண்டாம். பையைக் கீழே வைத்துவிட்டுக் குளிக்க இறங்காதீங்க.

சேரன்மகாதேவி: பட்டியில வெள்ளை வெள்ளையா உப்புப் படியுது. துவைக்கலாமா? நெஞ்சுப்பட்டி கிளிப்பும் உடைஞ்சுட்டு.

அந்த உப்பு உராய்ந்து தையலைத் தேய்க்கும், விட்டு வைக்காதீங்க. வீடு வந்ததும் பட்டிகளை நல்ல தண்ணீரில் அலசினால் போதும். முழுப் பையையும் துவைப்பதென்றால் கையால், கொஞ்சம் சோப்பு, நிழலில் உலர்த்தல். மெஷினில் போட்டால் பூச்சு உரியும்.

கிளிப்புக்கு முதலில் பட்டியின் அகலத்தை அளந்துகொள்ளுங்க: 15, 20, 25 மில்லிமீட்டர் என்று வரும். பட்டி மாட்டுகிற கம்பியில் சின்னப் பிளவு உள்ள கிளிப் கிடைத்தால் தையலைப் பிரிக்காமலே மாட்டிவிடலாம். இரண்டு பாதியையும் ஒரே கம்பெனியில் ஜோடியாக வாங்குங்க. அகலம் ஒன்றாக இருந்தாலும் வேறு கம்பெனிப் பாதி சரியாகப் பூட்டாது.