லேப்டாப்பைத் தொட்டால் சுர்ரென்கிறது: நரம்புக் கோளாறா, எர்த் கோளாறா?

கேள்வி: எனக்கு வயது 36. வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். ஆறு மாதமாக, உலோக உடல் கொண்ட என் லேப்டாப்பின் விளிம்பில் மணிக்கட்டை வைத்தால் எறும்பு ஊர்வது போல இருக்கிறது. சில சமயம் சுர்ரென்கிறது. நேற்று நான் வேலை செய்துகொண்டிருக்கும்போது என் மகள் என் கையைத் தடவிப் பார்த்து, “அம்மா, உன் கை அதிருது” என்றாள். நரம்புத் தளர்ச்சியோ என்று பயந்து வைட்டமின் மாத்திரை சாப்பிட்டு வருகிறேன். இதனால் உடம்புக்குக் கெடுதல் உண்டா?

பதில்: எனக்கு விடையைச் சொல்லிவிட்டதே உங்கள் மகள்தான். நரம்பில் கோளாறு இருந்தால் அந்த உணர்வு உங்களுக்கு மட்டும்தான் தெரியும். உங்களைத் தொடுகிற பிள்ளைக்குத் தெரியாது. அவளுக்கும் தெரிந்தது என்றால், அது வெளியிலிருந்து வந்த மின்சாரம்.

உறுதி செய்துகொள்ள ஒரு சின்னப் பரிசோதனை போதும். சார்ஜர் போட்டிருக்கும்போது லேப்டாப்பின் மேல்மூடியை விரல் நுனியால், அழுத்தாமல், மெதுவாக வருடுங்கள். ஏதோ நுணுக்கமான சொரசொரப்பு தெரியும். இப்போது சார்ஜரைக் கழற்றிவிட்டு அதே இடத்தை மறுபடி வருடுங்கள். வழவழவென்று இருக்கும். அந்த நொடியே மாறினால் காரணம் சார்ஜர்தான். கழற்றிய பிறகும் விரல் மதமதவென்றே இருந்தால் அது வேறு கதை. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இது ஏன் வருகிறது? அடாப்டருக்குள் மின்சாரம் ஒரு நொடியில் பல்லாயிரம் முறை நிறுத்தி நிறுத்தி விடப்படுகிறது. அதில் கிளம்பும் மின் இரைச்சலை அடக்க, சுவரிலிருந்து வரும் பக்கத்துக்கும் லேப்டாப்புக்குப் போகும் பக்கத்துக்கும் நடுவில் ஒரு சிறிய கெப்பாசிட்டர் வைப்பார்கள். அதன் வழியே மிகச் சிறிய அளவு மின்சாரம் கசியும். எர்த் இணைப்பு உள்ள மூன்று பின் சார்ஜர் என்றால் அந்தக் கசிவு எர்த் கம்பி வழியே தரைக்குப் போய்விடும். இரண்டு பின் என்றால் அதற்குப் போக வழியில்லை, உலோக உடலிலேயே நிற்கும். நீங்கள் தொட்டதும் உங்கள் உடம்பே அதற்கு வழியாகிவிடுகிறது. வெறும் காலோடு தரையில் கால் ஊன்றியிருந்தால் அதிகமாகத் தெரிவதும், செருப்பு போட்டால் குறைவதும் இதனால்தான். உங்களை உங்கள் மகள் தொட்டபோது அந்தக் கசிவில் ஒரு பங்கு அவள் வழியாகப் போனது.

அளவைச் சொன்னால் பயம் குறையும். இரண்டு பின் அடாப்டர்களுக்கு, தொடும்போது உடம்பில் பாயும் மின்சாரம் அரை மில்லி ஆம்பியரைத் தாண்டக் கூடாது என்று சர்வதேசப் பாதுகாப்பு விதியே இருக்கிறது. கையில் தசை இறுகி, பிடித்ததை விட முடியாமல் போவது பெரியவர்களுக்குச் சுமார் 10 மில்லி ஆம்பியரில். இதயத் துடிப்பைக் குலைப்பதற்கு அதையும்விடப் பல மடங்கு வேண்டும். ஆகவே நல்ல அடாப்டரின் இந்தக் கசிவு நரம்பைக் கெடுக்காது, இதயத்தையும் தொடாது. மணிக்கட்டின் உட்புறத் தோல் மெல்லியது. கூரான விளிம்பில் அது படும்போது அந்தச் சிறு மின்சாரம் ஒரே புள்ளியில் இறங்குவதால்தான் சுர்ரென்கிறது. உள்ளங்கை முழுவதையும் பதித்து வைத்துப் பாருங்கள், பெரும்பாலும் ஒன்றும் தெரியாது.

கெடுதல் இல்லை என்பதற்காக இதை அப்படியே விட்டுவிடச் சொல்ல மாட்டேன். உங்கள் லேப்டாப்புக்கு எர்த் இணைப்பு கிடைக்கவில்லை என்பதற்கு இது ஓர் அறிகுறி. முதலில் அடாப்டரைப் பாருங்கள். பல அடாப்டர்களில் இரண்டு பின் தலையைக் கழற்றிவிட்டு, அதே நிறுவனத்தின் மூன்று பின் கேபிளை மாட்ட முடியும். பெரும்பாலும் அதோடு பிரச்சினை தீர்ந்துவிடும். ஒன்று கவனியுங்கள்: சில சார்ஜர்களில் மூன்றாவது பின் வெறும் பிளாஸ்டிக்காக இருக்கும். அது பிளக் பாயிண்டின் மூடியைத் திறக்க மட்டும்தான்.

மூன்று உலோகப் பின் இருந்தும் சுர்ரென்றால், சுவரில் உள்ள எர்த் வேலை செய்கிறதா என்று எலெக்ட்ரீஷியனை அழைத்து மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். டெஸ்டரை நம்ப வேண்டாம். அது துளி மின்சாரத்துக்கும் எரியும், லேப்டாப்பின் மேல் வைத்தால் எரியத்தான் செய்யும். வீட்டில் ஆர்.சி.சி.பி. (மின்சாரம் கசிந்தால் தானாக அணையும் சுவிட்ச்) இருந்தும் விழவில்லையே என்றும் நிம்மதி கொள்ள வேண்டாம். அது வழக்கமாக 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கு விழுவது, உங்கள் லேப்டாப்பின் கசிவு அதன் கண்ணில் படாது. நீங்களே ஒரு கம்பியை எடுத்துத் தண்ணீர்க் குழாயில் கட்டுவது, நியூட்ரலையும் எர்த்தையும் இணைப்பது, எர்த் பின்னை உடைத்து இரண்டு பின் ஓட்டையில் சொருகுவது, இவற்றை எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள். இதைக் கெஞ்சியே கேட்கிறேன். இப்படிச் செய்துவிட்டு நிஜமான ஷாக் அடித்து வந்தவர்களுக்கு நான் வைத்தியம் பார்த்திருக்கிறேன்.

அது சரியாகும் வரை சார்ஜ் ஏற்றிவிட்டு, கழற்றிய பின் வேலை செய்யுங்கள். ஈரக் கையோடு தொட வேண்டாம். சிறு குழந்தைகள் இருக்கும் வீட்டில் சார்ஜர் முனையை எட்டும் இடத்தில் வைக்காதீர்கள். அவர்கள் அதை வாயில் வைத்துவிடலாம், ஈரமான வாயில் தோல் தருகிற தடை இருக்காது. பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் சார்ஜ் ஏறும் லேப்டாப்பை மார்பின் மேல் வைத்துக்கொண்டு படுக்கவே கூடாது. சுர்ரென்பதை அவர்கள் இதய மருத்துவரிடமும் சொல்லிவிட வேண்டும்.

கை வெடுக்கென்று தானாக இழுத்துக்கொண்டால், வலித்தால், அடாப்டரிலிருந்து கருகல் வாசனை வந்தால், ஃபிரிட்ஜையோ தண்ணீர்க் குழாயையோ தொட்டாலும் சுர்ரென்றால் இது சாதாரணக் கசிவு அல்ல. மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். ஷாக் அடித்தபின் மயக்கம், படபடப்பு, தீக்காயம் எது இருந்தாலும் அன்றே இ.சி.ஜி. எடுக்க வேண்டும்.

அப்புறம் அந்த மாத்திரை. நீங்கள் சொன்னதை மட்டும் வைத்துப் பார்த்தால் அது தேவையில்லை. ஆனால் சார்ஜரைக் கழற்றிய பிறகும் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்து, இரவில் கையை உதறிக்கொண்டு எழுந்தால் மணிக்கட்டில் நரம்பு அழுந்துகிறது என்று சந்தேகிப்பேன். சுண்டுவிரலும் மோதிர விரலும் என்றால் முழங்கையை மேசையில் ஊன்றும் பழக்கத்தைப் பார்ப்பேன். இரண்டு பாதமும் எரிந்து மரத்தால் சர்க்கரையும் பி12-ம் பார்க்க வேண்டும். அந்தப் பரிசோதனைக்கு முன் நீங்களாக மாத்திரை சாப்பிட்டால் ரத்தத்தில் பி12 அளவு சரியாக இருப்பது போலக் காட்டிவிடும். அதனால் இப்போதே நிறுத்திவிடுங்கள். இவற்றில் ஏதாவது இருந்தால், எந்தெந்த விரல், எந்த நேரம் என்று ஒரு வாரம் குறித்து வைத்துக்கொண்டு உங்கள் மருத்துவரை நேரில் பாருங்கள்.