சிறைக் காவலர்கள் பாதுகாப்பு கேட்டு வேலைநிறுத்தம் செய்தால் கைதிகளை யார் பார்த்துக்கொள்வார்கள்? சட்டம் அதை அனுமதிக்கிறதா?

முதல் கேள்விக்குச் சுருக்கமான பதில்: யாரும் சரியாகப் பார்த்துக்கொள்வதில்லை, அறையில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் நடந்ததை எடுத்துக்கொண்டால் எளிதில் விளங்கும். 2025 பிப்ரவரி 17 அன்று காவலர் வேலைநிறுத்தம் காலின்ஸ், எல்மைரா சிறைகளில் தொடங்கி, சில நாளிலேயே மாநிலத்தின் 42 சிறைகளில் பெரும்பாலானவற்றுக்குப் பரவி, 22 நாள் நீடித்தது. காவலர் சங்கம் அழைப்பு விடுக்காமல் காவலர்கள் தாங்களாகவே இறங்கிய வேலைநிறுத்தம் அது.

பாதுகாப்பு என்றதும் கத்திக்குத்தும் கலவரமும்தான் நினைவுக்கு வரும். அடியில் இருப்பது ஒரு வகுத்தல் கணக்கு. ஒரு காவல் இடத்தில் எந்நேரமும் ஆள் நிற்க வேண்டுமென்றால் வாரத்துக்கு 168 மணி நேரம். ஒருவர் பார்ப்பது 40 மணி. ஆக 4.2 பேர், விடுப்பு, உடம்பு சரியில்லாத நாள், பயிற்சி எல்லாம் சேர்த்தால் 5 பேருக்குக் குறையாது. ஆள் இல்லையென்று அந்த இடத்தைக் காலியாக விடவும் முடியாது. ஷிப்ட் முடிந்து கிளம்புகிறவரையே வாசலில் நிறுத்துவார்கள். 8 மணி 16 ஆகும், 16 மணி 24 ஆகும்.

பதினாறாவது மணியில் என்ன தவறும்? தலை எண்ணும்போது அறைக்குள் இருப்பவரின் உடலைப் பார்க்க வேண்டும், அவர் மூச்சு விடுவதையும் பார்க்க வேண்டும். தூக்கம் சொக்கும் காவலர் போர்வை மேடாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்து எண்ணிக்கொண்டு நகர்ந்துவிடுவார். சாவிக்கொத்தை எண்ணாமல் கைமாற்றுவார். அறைச் சோதனை மேலோட்டமாகிவிடும். தாக்குதலுக்கு இடம் கிடைப்பது இங்கேதான்.

இந்த நிலையில்தான் நியூயார்க்கில், குறைத்த ஆள்பலமே இனி முழு ஆள்பலம் என்று பொருள்படும் சுற்றறிக்கை ஒன்று வந்தது: பழைய கணக்கில் 70 சதவீதம், புதுக் கணக்கில் 100. பற்றிக்கொண்டது. கூடவே வேறு கோரிக்கைகளும் இருந்தன. கடிதக் காகிதத்தில் போதைப்பொருளை ஊறவைத்து அனுப்புகிறார்கள், தபாலைச் சோதியுங்கள் என்றார்கள். 2022இல் நடைமுறைக்கு வந்த ஹால்ட் சட்டம் தனிமை அடைப்பைத் தொடர்ந்து 15 நாளுக்கு மேல் அனுமதிப்பதில்லை. அந்தச் சட்டத்தை நிறுத்தச் சொன்னார்கள். இந்தக் கடைசிக் கோரிக்கையை அப்படியே ஏற்பது எனக்குக் கடினம். 2024 டிசம்பரில் மார்சி சிறையில் கைவிலங்கிட்ட கைதி ஒருவரைக் காவலர்கள் அடித்து, அவர் இறந்துபோனதும் இதே மாநிலத்தில்தான்.

வேலைநிறுத்தம் தொடங்கியதும் ஆளுநர், நெருக்கடியில் மாநிலம் அழைக்கும் ராணுவப் படையான தேசியக் காவல் படையை அனுப்பினார். அவர்களால் சாப்பாட்டுத் தட்டைக் கொண்டுபோய்க் கொடுக்க முடியும், வாசலில் நிற்க முடியும். எந்தக் கைதிக்கும் எந்தக் கைதிக்கும் பகை, யாருக்கு எந்நேரம் இன்சுலின் என்பதெல்லாம் அவர்களுக்கு எப்படித் தெரியும்? பார்வையாளர் சந்திப்பு நின்றது. இப்படிப்பட்ட அடைப்பில் குளியல், வெளிமுற்றம், வகுப்பு என ஒவ்வொன்றாக நிற்கும். மருந்து தாமதமாவதுதான் இருப்பதிலேயே ஆபத்து.

சட்டம்? நியூயார்க்கில் 1967ஆம் ஆண்டு டெய்லர் சட்டம் அரசு ஊழியர் வேலைநிறுத்தத்தைத் தடை செய்கிறது. ஒரு நாள் வராவிட்டால் இரண்டு நாள் சம்பளம் போகும். இங்கிலாந்தில் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின் 127ஆவது பிரிவின்படி, சிறை அதிகாரிகளை வேலைநிறுத்தத்துக்குத் தூண்டுவதே சட்டவிரோதம். 2016 நவம்பரில் பாதுகாப்பு கேட்டு ஆயிரக்கணக்கானோர் வெளியேறியபோது அரசு நீதிமன்றத் தடை வாங்கியது. பிரான்சிலும் வேலைநிறுத்த உரிமை கிடையாது. அங்கே டயரையும் மரப்பலகைகளையும் வாசலில் குவித்து வழியை மறிப்பார்கள். 2018 ஜனவரியில் வாந்தென்-லெ-வியெய் சிறையில் காவலர்கள் தாக்கப்பட்டதும் நாடு முழுக்க அப்படித்தான் மறித்தார்கள்.

நியூயார்க்கில் வேலைநிறுத்தம் மார்ச் 10 அன்று முடிந்தபோது, வேலைக்குத் திரும்பாத சுமார் 2,000 பேர் பணிநீக்கம் ஆனார்கள். ஹால்ட் சட்டத்தின் சில பகுதிகள் 90 நாள் நிறுத்திவைக்கப்பட்டன. 12 மணி ஷிப்ட்டும் உடன்பாட்டில் வந்தது. ஆனால் ஷிப்ட் 8 மணியோ 12 மணியோ, வாரத்தின் 168 மணி குறையாது. 2,000 பேரை 5ஆல் வகுத்தால் 400 காவல் இடங்கள். தேசியக் காவல் படை அதன்பிறகும் மாதக்கணக்கில் அங்கேயே நின்றது.