பெப்ரவரியில் அம்மாவோடு ஒஸ்லோ வருகிற தங்கச்சிக்கு

தங்கச்சி, உங்கள் கேள்வியைப் படித்தேன். அம்மாவையும் கூட்டிக்கொண்டு பெப்ரவரியில் ஐந்து வாரம் ஒஸ்லோவில் அண்ணா வீட்டுக்கு வருகிறீர்கள். கொழும்பில் எந்த ஜாக்கெட் வாங்குவது, எவ்வளவு காசு கொண்டுவருவது, தூளும் பருப்பும் கட்டுவதா, வடக்கே ட்ரொம்சோ நகருக்குப் போய் இரவு வானத்தில் தெரிகிற வடதுருவ ஒளி பார்க்க அம்மாவால் முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். காசையும் சாமானையும் முதலில் முடித்துவிடுகிறேன். இங்கே எங்கே போனாலும் அட்டைதான். உங்கள் அட்டை வெளிநாட்டில் வேலை செய்யுமா என்று வங்கியில் கேட்டு வையுங்கள், போதும். ஒஸ்லோவில் குரொன்லான்ட் பக்கம் போனால் நமக்கு வேண்டிய சமையல் சாமான் எல்லாம் கிடைக்கும். இறைச்சி, பால் பொருள்கள் கொண்டுவர வேண்டாம், ஊரிலிருந்து அவற்றைக் கொண்டுவரத் தடை. மற்றதெல்லாம் அண்ணா பார்த்துக்கொள்வார்.

எனக்குக் கவலை அம்மாவின் காலைப் பற்றித்தான்.

குளிரால் படுத்த விருந்தாளிகளை விட, வழுக்கி விழுந்து எலும்பு முறிந்த விருந்தாளிகளைத்தான் நான் கூடப் பார்த்திருக்கிறேன். எங்கள் உறவில் ஒரு மாமி வந்த மூன்றாம் நாளே மகன் வீட்டு வாசலுக்கும் காருக்கும் இடையில் விழுந்தார். மணிக்கட்டு போய்விட்டது. மிச்ச நாள் முழுக்கக் கையில் கட்டோடு வீட்டுக்குள் இருந்துவிட்டுத்தான் ஊர் திரும்பினார். மாமிக்கு ஜாக்கெட் எல்லாம் அருமையான ஜாக்கெட். காலில் கிடந்தது கொழும்பில் வாங்கிய வழவழப்பான சப்பாத்து.

மைனஸ் 10 இல் இறுகிக் கிடக்கிற பனியில் நடப்பதற்குப் பயப்பட வேண்டாம். காலுக்கடியில் கறகறவென்று சத்தம் கேட்கும், பிடிப்பும் இருக்கும். பயப்பட வேண்டியது வெப்பநிலை பூச்சியத்தை ஒட்டி நிற்கிற நாள்களுக்குத்தான். பகலில் உருகும், இரவில் உறையும், அதன் மேல் மழை தூறினால் தெரு முழுக்க ஐஸ். அதற்கும் மேலே இரண்டு விரல் தடிப்பில் புதுப் பனி விழுந்துவிட்டால் அடியில் என்ன கிடக்கிறது என்றே தெரியாது. நகரசபைக்காரர் நடைபாதையில் சிறுகல் தூவுவார்கள். கல் தெரிகிற பக்கமாக நடக்க அம்மாவைப் பழக்குங்கள். வீட்டு வாசல், கார் நிறுத்துகிற இடம், பேருந்துப் படி, சரிவான ஒழுங்கை, இந்த இடங்களில்தான் ஆட்கள் விழுகிறார்கள்.

இதற்கு இங்கே 'ப்ரொட்டர்' என்று ஒன்று விற்கிறார்கள். சப்பாத்தின் அடியில் மாட்டுகிற ரப்பர்ப் பட்டி, அதில் சிறு இரும்பு முள்கள் இருக்கும். விளையாட்டுச் சாமான் கடையிலும் மருந்துக் கடையிலும் கிடைக்கும். சில நூறு குரோனர் போதும். அம்மா வந்து இறங்குகிற அன்றே அது அண்ணாவின் காரில் இருக்க வேண்டும், அடுத்த வாரம் பார்ப்போம் என்று விடக்கூடாது. குதியில் மட்டும் மாட்டுகிறதை வாங்க வேண்டாம், முழுப் பாதத்துக்கும் வருகிறதை வாங்கச் சொல்லுங்கள். இன்னொன்று, கடைக்குள்ளோ ரயில் நிலையத்துக்குள்ளோ நுழையும்போது அதைக் கழற்றிவிட வேண்டும். வழுவழுப்பான கல் தரையில் அந்த இரும்பு முள்ளே ஆளை வழுக்கி விழுத்தும். குனிந்து கழற்ற அம்மாவுக்குக் கஷ்டம் என்றால் நீங்கள்தான் பக்கத்தில் நின்று செய்ய வேண்டும்.

நடை சின்ன அடியாக இருக்கட்டும். உடம்பின் பாரம் முன்னே வைக்கிற காலின் மேல் விழ வேண்டும். கையைப் பொக்கெற்றுக்குள் விட்டபடி நடக்க வேண்டாம். கைப்பைக்குப் பதில் முதுகில் போடுகிற பை நல்லது.

சப்பாத்தை ஊரில் வாங்காதீர்கள். அம்மாவின் பாதத்தை ஒரு தாளில் வைத்து வரைந்து அண்ணாவுக்குப் படம் அனுப்புங்கள். வழக்கமான அளவை விட ஒரு அளவு பெரிதாக, அடி சொரசொரப்பாக இருக்கிற குளிர்காலச் சப்பாத்து வாங்கட்டும். காலுறையோடு விரலை ஆட்ட இடம் இருக்க வேண்டும். இரண்டு மூன்று காலுறையை இறுக்கித் திணித்தால் இரத்த ஓட்டம் குறைந்து கால் இன்னும் விறைக்கும்.

உடுப்பில் முக்கியமானது தோலோடு ஒட்டிக் கிடக்கிறதுதான். அது கம்பளியாக இருக்க வேண்டும், பருத்தி கூடவே கூடாது. பருத்தி வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே கிடந்து உடம்புச் சூட்டை இழுத்துவிடும். கம்பளி நனைந்தாலும் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும். மெரினோ கம்பளியில் மெல்லிய உள்சட்டையும் நீளக் காற்சட்டையும் கிடைக்கும், அரிக்காது. அம்மா சேலையை விடமாட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். சரி, விட வேண்டாம். பாவாடைக்குள் அந்தக் கம்பளிக் காற்சட்டையைப் போடச் சொல்லுங்கள், வெளியே ஒருவருக்கும் தெரியாது. நடுவில் ஒரு தடித்த ஸ்வெட்டர், மேலே காற்றும் ஈரமும் புகாத ஜாக்கெட். ஜாக்கெட்டுக்குக் கொழும்பில் காசைக் கொட்ட வேண்டாம். பெப்ரவரியில் இங்கே குளிர்கால உடுப்பு மலிவு விற்பனையில் இருக்கும். பாவித்த சாமான் விற்கிற ஃப்ரெடெக்ஸ் கடைகளிலும் நல்லதாகக் கிடைக்கும். பாவித்ததை வாங்குவதை இந்த நாட்டில் யாரும் குறைவாக நினைப்பதில்லை, நம் ஆட்களைத் தவிர.

நம் ஆட்களைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை. தொலைபேசியில் பேசும்போது "ஐயோ, இங்கே குளிர், தாங்கமாட்டீர்கள்" என்று ஊரில் இருக்கிறவர்களை வெருட்டுவார்கள். ஆனால் விமான நிலையத்துக்கு வரும்போது நிலவறையில் தூங்கிய, சிப் இழுபடாத ஒரு பழைய ஜாக்கெட்டைக் கொண்டுவருவார்கள். வந்த வாரமே கொண்டாட்டம் என்று பட்டுச் சேலையும் செருப்புமாக மண்டபத்துக்கு இழுத்துக்கொண்டு போவார்கள். கார்க் கதவிலிருந்து மண்டப வாசல் கிட்டத்தான் என்பார்கள். மாமி விழுந்தது அதையும் விடக் கிட்ட. முப்பது வருடம் இங்கே இருந்தும் வீடு, வேலை, கார், கோயில் என்பதற்கு வெளியே காலை வைக்காதவர்கள் இருக்கிறார்கள். நகர மெட்ரோவில் ஏறினால் நூர்மார்க்கா காட்டின் ஓரத்தில் போய் இறங்கலாம், அதைக்கூட அவர்கள் பார்த்ததில்லை. நான் ஞாயிற்றுக்கிழமைகளில் ப்ரொட்டர் மாட்டிக்கொண்டு அங்கே நடக்கிறேன். இந்த வயதிலும் முழங்கால் நன்றாக இருப்பது அதனால்தான் என்று நம்புகிறேன்.

நான் வந்து இறங்கியது ஒஸ்லோவில் இல்லை. எண்பதுகளில் நம் பெடியன்கள் பலர் 'ஃபோல்க்கஹொய்ஸ்கூல' என்கிற விடுதிப் பள்ளிகளில் படிக்க என்று வந்து, பிறகு வடக்கே பின்மார்க்கில் மீன் ஆலைகளில் வேலைக்குப் போனார்கள். என் கணவரும் அப்படித்தான். நான் வந்தது வார்டோவுக்கு. நோர்வேயின் கிழக்குக் கோடியில் பாரன்ட்ஸ் கடலில் கிடக்கிற தீவு அது. 1982 இல்தான் கடலுக்கு அடியால் சுரங்கப்பாதை போட்டுத் தரையோடு இணைத்தார்கள். மரம் என்று சொல்ல ஒன்றும் இல்லை, காற்றுத்தான். மைனஸ் 10 இல் செக்கனுக்கு 10 மீற்றர் வேகத்தில் காற்று அடித்தால் தோலுக்கு அது மைனஸ் 20 மாதிரி. வார்டோவில் அப்படிக் காற்று அடிக்காத நாளைத்தான் நாங்கள் அதிசயமாகப் பேசுவோம்.

ஆலையில் கொட் மீனைத் துண்டு போடுகிற மேசையில் நின்றேன். மேசை ஈரம், மீன் ஈரம், கத்திப் பிடி ஈரம். ரப்பர்க் கையுறைக்குள் விரல்கள் வெள்ளை வெளேரென்று ஆகி, கத்தி கையில் இருக்கிறதா என்று பார்த்துத்தான் தெரிந்துகொள்வேன். பக்கத்தில் நின்ற வயதான நோர்வீஜியப் பெண் ஒருத்தி ஒன்றும் பேசாமல் என் ரப்பர்க் கையுறையை உருவிவிட்டு, தன் பையிலிருந்து மெல்லிய கம்பளிக் கையுறை ஒரு சோடி எடுத்து எனக்கு மாட்டி, மேலே திரும்பவும் ரப்பரை இழுத்துவிட்டாள். அப்போது எனக்கு அவள் மொழியில் நன்றி சொல்லக்கூட வராது. கம்பளியைப் பற்றி நான் இவ்வளவு எழுதுவதற்குக் காரணம் அவள்தான். இன்று என் பேரப்பிள்ளைகளுக்கு நானே கம்பளிக் கையுறை பின்னுகிறேன். அம்மாவுக்கும் விரல் பிரியாத கையுறையாகப் பாருங்கள். விரல்கள் ஒன்றாகக் கிடந்தால்தான் சூடு நிற்கும்.

அந்த வடக்கிலிருந்து கிளம்பிப் பலர் ஒஸ்லோவுக்கு வந்துவிட்டோம். 2015 இல் நம் பிள்ளை கம்சாயினி குணரட்னம் ஒஸ்லோவின் துணை மேயர் ஆனபோது, மீன் மேசையில் நின்றவர்கள் எத்தனை பேர் அழுதோம் தெரியுமா.

ட்ரொம்சோவுக்கு வருகிறேன். அங்கே நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை சூரியன் எழாது. நீங்கள் வருகிற மாதத்தில் திரும்பி வந்திருக்கும், இருட்டை நினைத்து அம்மா பயப்பட வேண்டாம். சூடான கடல் நீரோட்டத்தால் கரையோர ஊர்களில் பயங்கரக் குளிர் இருக்காது. உள்நாட்டில்தான் அது. காரஷொக்கில் 1886 இல் மைனஸ் 51.4 பதிவாகியிருக்கிறது. ஆனால் வடதுருவ ஒளி பார்க்கக் கூட்டிப்போகிறவர்கள் மேகம் இல்லாத வானத்தைத் தேடி உள்நாட்டுப் பக்கம்தான் ஓட்டுவார்கள், சில இரவு பின்லாந்து எல்லை வரைக்கும். நடுச்சாமத்தில் மணிக்கணக்காக வெளியே நிற்க வேண்டி வரும். தடித்த முழு உடுப்பு தருகிறார்களா, அம்மா வாகனத்துக்குள் இருக்கலாமா என்று பதிவு செய்ய முதல் கேளுங்கள். கைபேசியை உள் பொக்கெற்றில் வையுங்கள், குளிரில் பற்றரி சட்டென்று இறங்கிவிடும். கன்னத்திலோ மூக்கிலோ வெள்ளைத் திட்டுத் தெரிந்தால் தேய்க்காமல், வெறும் உள்ளங்கையை அதில் பொத்தி வைத்து, உடனே உள்ளே கூட்டிப்போங்கள்.

அம்மா "போதும், திரும்பலாம்" என்றால் திரும்புங்கள், காசு கட்டியாயிற்றே என்று பார்க்க வேண்டாம். மலைக்குப் போகிறவர்களுக்கென்று இந்த நாட்டில் விதிகள் உண்டு. 1967 ஈஸ்டர் விடுமுறையில் மலைகளில் 18 பேர் இறந்த பிறகு அவற்றை நாடெங்கும் பரப்பினார்கள். அதில் ஒன்று, திரும்பி வருவதில் வெட்கம் இல்லை என்பது. இங்கே சின்னப் பிள்ளைகளுக்கும் அது தெரியும்.

அப்புறம், இருட்டில் தெருவில் நடக்கும்போது ஒளி தெறிக்கிற பட்டி ஒன்றை இருவரும் ஜாக்கெட்டில் தொங்கவிடுங்கள். கறுப்பு ஜாக்கெட் போட்ட ஆளைக் கார்க்காரர் 25, 30 மீற்றரில்தான் காண்பார், அந்தப் பட்டி இருந்தால் ஏறக்குறைய 140 மீற்றரில் காண்பார். விசாவுக்கென்று எடுத்த மருத்துவக் காப்புறுதிப் பத்திரத்தின் படத்தைக் கைபேசியில் வைத்திருங்கள். அவசரம் இல்லாத வைத்தியத்துக்கு 116117, உயிருக்கு ஆபத்து என்றால் 113. அம்மாவின் மருந்துகளை மருத்துவர் ஆங்கிலத்தில் எழுதிய சீட்டோடு கைப்பையில் கொண்டுவாருங்கள், பெட்டியில் போட வேண்டாம்.