காத்தாடித் தாத்தா பதில்கள்

போன இதழில் 'ராயபுரத்தில் ஒரு போர் விமானி இருக்கிறார்' என்று நாலு வரி போட்டிருந்தார்கள். அதைப் படித்துவிட்டு வந்த கேள்விகள் ஒரு மஞ்சள் பை நிறைய இருக்கின்றன. 1971 பாகிஸ்தான் போரில் விக்ராந்த் என்ற விமானம் தாங்கிக் கப்பலில் இருந்து அலிஸே என்ற விசிறி விமானத்தை ஓட்டினேன், வயது எண்பது தாண்டிவிட்டது, காது கொஞ்சம் மந்தம். என்னைப் பற்றி இவ்வளவு போதும். ஒரே மாதிரி இருந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். திட்டி எழுதிய இரண்டு பேருக்குத் தனியாகக் கார்டு போடுகிறேன்.

1971-லேயே ஜெட் விமானங்கள் வந்துவிட்டனவே. அப்போது போய் விசிறி வைத்த விமானத்தில் யார் சார் சண்டை போடுவார்கள்?
*வாசகர், பழைய வண்ணாரப்பேட்டை*

நாங்கள்தான் போட்டோம். விக்ராந்தில் இரண்டு ஜாதி விமானம் இருந்தது. சீஹாக் என்பது ஜெட், ஒரே ஆள், பார்க்க அழகாக இருக்கும், பத்திரிகைப் படத்தில் எல்லாம் அதுதான் வரும். அலிஸே பிரான்ஸில் பிரெகே கம்பெனி செய்தது. மூக்கில் நாலு இலை விசிறி, உள்ளே மூன்று பேர், வயிற்றில் இருந்து கீழே இறங்கும் ரேடார். அதன் முதல் வேலை நீர்மூழ்கி தேடுவது. அந்தக் காலத்து டீசல் நீர்மூழ்கி பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்ற மேலே வந்தாக வேண்டும், வந்தாலும் ஒரு குழாய் அளவுதான் தண்ணீருக்கு வெளியே தெரியும். அதைக் கண்டுபிடிக்க வேகம் எதற்கு? வயலில் தொலைத்த மோதிரத்தை மோட்டார் சைக்கிளில் போய்த் தேடுவீர்களா? மெதுவாக, தாழ்வாக, ஐந்து மணி நேரம் சேர்ந்தாற்போல் கடலைச் சலித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஜெட்டால் அது ஆகாது, எரிபொருள் தீர்ந்துவிடும்.

இன்னொன்று. விசிறி என்றதும் பழைய காலத்து பிஸ்டன் எஞ்சின் என்று நினைத்துவிடாதீர்கள். பயிற்சிக் காலத்தில் நான் ஓட்டிய ஹார்வர்டு அந்த வகை, ஸ்டார்ட் செய்தால் புகையைக் கக்கிவிட்டு உறுமும், தரையில் ஓடும்போது கொஞ்சம் அசந்தால் வாலைச் சுழற்றிவிடும். அலிஸேயில் இருந்தது ரோல்ஸ்-ராய்ஸ் டார்ட். உள்ளே சுற்றுவது ஜெட் எஞ்சின்தான், அதன் சக்தியை எடுத்து வெளியே விசிறியைச் சுற்ற வைப்பார்கள். மீனம்பாக்கத்தில் வந்து இறங்கிய வைகவுண்ட், ஃபோக்கர் ஃப்ரெண்ட்ஷிப், ஆவ்ரோ எல்லாவற்றிலும் டார்ட் குடும்பத்து எஞ்சின்தான். அறுபது வயது தாண்டியவர்களுக்கு அந்தக் காதைத் துளைக்கும் விசில் சத்தம் ஞாபகம் இருக்கும். என் காது மந்தமானதற்கு அதுவும் ஒரு காரணம் என்று டாக்டர் சொல்கிறார். வயது என்று என் மனைவி சொல்கிறாள்.

அப்படியானால் எதிரி ஜெட் துரத்தினால் என்ன செய்வீர்கள்?
*வாசகர், எம்.கே.பி. நகர்*

கடலோடு கடலாகத் தாழ்ந்து, சட்டென்று வளைய வேண்டும். வேகமாக வருபவனால் அந்த வளைவில் வளைய முடியாது, தாண்டிப் போய்விடுவான். வகுப்பில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். எனக்கு அதைச் சோதித்துப் பார்க்கும் நிலை வரவில்லை. கிழக்கில், அதாவது இன்றைய பங்களாதேஷில், பாகிஸ்தானிடம் இருந்த சேபர் ஜெட்கள், டாக்கா ஓடுதளத்தை நம் விமானப்படை குண்டு போட்டுக் குழிகளாக்கிய பிறகு தரையை விட்டே எழவில்லை. மேற்கில் நிலைமை வேறு. டிசம்பர் 10 அன்று ரோந்தில் இருந்த எங்கள் படைப்பிரிவின் அலிஸே ஒன்றை பாகிஸ்தானின் ஸ்டார்ஃபைட்டர் ஜெட் ஒன்று சுட்டு வீழ்த்தியது. அது ஒலியைவிட இரண்டு மடங்கு வேகம் போகக்கூடியது. அலிஸே முக்கி முனகினாலும் மணிக்கு 500 கிலோமீட்டர் பக்கம்தான். மூன்று பேரும் திரும்பவில்லை.

விசிறி சுற்றும்போது துப்பாக்கிக் குண்டு விசிறி மேலே படாதா? கணக்கு சாருக்கும் தெரியவில்லை.
*ஒன்பதாம் வகுப்பு மாணவன், தண்டையார்பேட்டை*

நல்ல கேள்வி தம்பி, வந்ததிலேயே இதுதான் நல்ல கேள்வி. முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், அலிஸேயில் துப்பாக்கியே கிடையாது. ராக்கெட், குண்டு, தண்ணீருக்குள் போய் வெடிக்கும் டெப்த் சார்ஜ், டார்பிடோ, அவ்வளவுதான்.

முதல் உலகப் போரில் இந்தப் பிரச்சினை பெரிதாக இருந்தது. 1915-ல் ரோலான் காரோஸ் என்ற பிரெஞ்சு விமானி விசிறியின் இலைகளில் இரும்பு ஆப்பு வைத்துக்கொண்டு சுட்டார். இலையில் பட்ட குண்டு தெறித்துப் போகும். முரட்டு வைத்தியம், ஆனால் வேலை செய்தது. அந்த விமானம் ஜெர்மன்காரர்கள் கையில் சிக்கியது. அப்புறம் ஃபோக்கர் கம்பெனி சரியான வழியோடு வந்தது. துப்பாக்கியை எஞ்சினோடு இணைத்துவிட்டார்கள். எஞ்சினோடு சுற்றும் ஒரு மேடு, இலை குறுக்கே இல்லாத நேரம் பார்த்துத் துப்பாக்கியைத் தட்டிவிடும். விமானி விசையை அழுத்துவது அனுமதி கொடுப்பது மாதிரிதான், எப்போது சுடுவது என்பதை எஞ்சின் பார்த்துக்கொள்ளும். இரண்டாம் உலகப் போரில் ஹரிக்கேன் விமானத்துக்கு இந்தத் தொல்லையே இல்லை, இறக்கைகளில், விசிறி சுற்றும் வட்டத்துக்கு வெளியே எட்டு துப்பாக்கிகளை வைத்துவிட்டார்கள். 1944-ல் இம்பாலில் அர்ஜன் சிங் தலைமையில் நம்மவர்கள் ஓட்டியது இந்த ஹரிக்கேன்தான். கணக்கு சாரிடம் ஒரு கணக்கு கேள்: இரண்டு இலை விசிறி நிமிடத்துக்கு 1200 முறை சுற்றினால் துப்பாக்கிக்கு முன்னால் ஒரு நொடிக்கு எத்தனை தடவை இலை வரும்?

ஓடுகிற கப்பலில் விமானத்தை எப்படி இறக்கினீர்கள்? என் வீட்டுக்காரர் ஃபைபர் போட்டைக் கரையில் ஏற்றுவதற்கே அந்தப் பாடு படுகிறார்.
*வாசகி, காசிமேடு*

உங்கள் வீட்டுக்காரருக்கு இந்தப் பதில் உடனே புரியும் அம்மா. எல்லாம் காற்றுதான்.

நானும் காசிமேட்டில் பிறந்தவன், மீன்பிடித் துறைமுகம் வராத காலம், கட்டுமரங்கள் மணலில் கிடக்கும். அப்பா விடியலுக்கு முன் எழுந்து வாசலில் நின்று கன்னத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். வாடையா, கொண்டலா, கச்சானா என்று அந்தக் கன்னம் சொல்லிவிடும். நான் சட்டை போட்டுக்கொண்டு காலேஜுக்குப் போனவன், இதெல்லாம் பழங்காலத்து விஷயம் என்று நினைத்தேன். அப்புறம் கடற்படையில் சேர்ந்து முதல் நாள் வகுப்பில் கேட்ட முதல் கேள்வியே 'காற்று எங்கிருந்து வீசுகிறது?' என்பதுதான். அலிஸே என்ற பெயருக்கே பிரெஞ்சில் வாணிபக் காற்று என்று பொருள். வடக்கு பாதி உலகில் அது வடகிழக்கில் இருந்து வீசும், நம் வாடைக்குச் சொந்தக்காரன்தான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். விமானம் இறங்க வரும்போது கப்பல் காற்றுக்கு எதிராகத் திரும்பி ஓடும். விமானம் 90 நாட் (மணிக்கு 90 கடல் மைல்) வேகத்தில் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எதிர்க்காற்று 10, கப்பலின் ஓட்டம் 15. அப்படியானால் தளத்தின் மேல் நான் வந்து விழுவது 65 நாட் வேகத்தில்தான். இந்த 25 இல்லாவிட்டால் கதை கந்தல். தளத்தில் குறுக்கே கம்பிகள் கட்டியிருக்கும், விமானத்தின் வாலில் கொக்கி தொங்கும், கொக்கி கம்பியில் மாட்டி இழுத்து நிறுத்தும். பக்கவாட்டில் ஒரு பெரிய கண்ணாடி, அதில் ஒரு விளக்கின் பிம்பம் தெரியும். இரண்டு பக்கமும் இருக்கும் பச்சை விளக்குகளுக்கு நேராக அந்த வெளிச்சம் நின்றால் சரியான உயரத்தில் வருகிறீர்கள் என்று அர்த்தம், கீழே போனால் கப்பலின் பின்பக்கத்தில் மோதப் போகிறீர்கள் என்று அர்த்தம்.

1971-ல் எங்களுக்கு ஒரு கூடுதல் தலைவலி. விக்ராந்தின் நாலு பாய்லர்களில் ஒன்றில் விரிசல். கப்பலால் முழு வேகத்தில் ஓட முடியாது. காற்றும் படுத்துவிட்ட நாட்களில் கமாண்டரில் இருந்து கடைசிச் சிப்பாய் வரை எல்லோரும் என் அப்பா மாதிரி கன்னத்தைத் திருப்பிக்கொண்டு நின்றோம். கனமான விமானம் எங்களுடையது, ஆகவே காற்று குறைந்தால் முதலில் சுமையைக் குறைக்கச் சொல்வது எங்களைத்தான்.

விசிறியால் இங்கே ஒரு லாபம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்து ஜெட்டில் திராட்டிலைத் தள்ளினால் எஞ்சின் யோசித்துவிட்டுத்தான் வேகம் எடுக்கும். விசிறியில் இலையின் கோணம் மாறியதுமே இழுவை கிடைத்துவிடும். ஆனால் ஒரேயடியாகத் தள்ளினால் மூக்கு ஒரு பக்கம் இழுக்கும், காலால் சுக்கானை மிதித்துச் சமாளிக்க வேண்டும். தளத்தில் வேலை செய்யும் பையன்களுக்கோ விசிறி எமன். முழு வேகத்தில் சுற்றும் விசிறி கண்ணுக்குத் தெரியாது, இரவில் சுத்தமாகத் தெரியாது. நான் எஞ்சினை நிறுத்திவிட்டு, இலைகள் அசையாமல் நின்றதைப் பார்த்த பிறகுதான் மூச்சு விடுவேன்.

பயமாக இருக்காதா ஐயா? உங்கள் அம்மாவுக்குத் தெரியுமா?
*வாசகி, திருவொற்றியூர்*

அம்மாவுக்குக் கப்பலில் வேலை என்று தெரியும். 'கப்பல்தானே, மேலே எங்கும் போகாதே' என்று இன்லேண்டு லெட்டரில் தங்கையை விட்டு எழுதச் சொன்னார்கள். நான் 'சரி' என்று பதில் எழுதினேன். வடிவுடையம்மன் மன்னிக்கட்டும்.

பயம் என்றால் எனக்கு எதிரியின் பீரங்கி இல்லை, இரவில் கப்பலை விட்டுக் கிளம்புவதுதான். கேட்டபல்ட் என்பது நம் உண்டிகோல் மாதிரி, நீராவியில் வேலை செய்வது, இரண்டு மூன்று நொடியில் நிற்கும் விமானத்தைப் பறக்கும் வேகத்துக்குத் தள்ளிவிடும். தள்ளிய மறுநொடி முன்னால் ஒன்றுமே இருக்காது. நிலா இல்லாவிட்டால் வானம் எது கடல் எது என்று தெரியாது, கரிச்சட்டிக்குள் தலையை விட்ட மாதிரி. அந்த வேகத்தில் நம் காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு ஏமாந்துவிடும். மூக்கு செங்குத்தாக மேலே ஏறுவதாக உடம்பு சத்தியம் செய்யும், மூக்கைக் கீழே தள்ளு என்று கை துடிக்கும். தள்ளினால் நேராகக் கடல். கருவிகளின் முள் என்ன சொல்கிறதோ அதை மட்டும் நம்பி, சொந்த உடம்பை நம்பாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். ஒவ்வொரு இரவும் எனக்கு அது புதிதாகத்தான் இருந்தது. தனியாக இருந்திருந்தால் என்ன செய்திருப்பேனோ, என்னோடு இருந்த அப்சர்வர் உயரத்தை மட்டும் மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டே இருப்பார், நூறு, நூற்றைம்பது, இருநூறு என்று. அவர் போய்ப் பத்து வருஷம் ஆகிறது.

தாத்தா, உங்களைக் 'காத்தாடித் தாத்தா' என்கிறார்களே, நீங்க மாஞ்சா போடுவீங்களா?
*பெயர் எழுதாத சிறுவன், புதுமனைக்குப்பம்*

போட மாட்டேன். நீயும் போடாதே, வண்டியில் போகிறவர்களின் கழுத்தை அறுக்கிறது. நான் ஓட்டியது வேறு காத்தாடி.

நேரடியாகவே கேட்கிறேன். எத்தனை பேரைக் கொன்றீர்கள்?
*வாசகர், எண்ணூர்*

தெரியாது. டிசம்பர் 4 அன்று காக்ஸ்பஜார் விமான தளத்தை சீஹாக்குகள் அடித்ததில் தொடங்கியது. அப்புறம் சிட்டகாங், குல்னா, மோங்லா. பகல் வேலை பெரும்பாலும் அவர்களுக்கு, இரவு வேலை எங்களுக்கு. ஆற்று முகத்தில் நிற்கும் கப்பல் எங்களுக்கு ரேடாரில் ஒரு பொட்டு, அப்புறம் ஒரு கறுப்பு நிழல். ராக்கெட் போன பிறகு ஒரு வெளிச்சம் வரும், அதற்குள் நாங்கள் திரும்பியிருப்போம். கீழே இருந்து சிவப்புப் புள்ளிகளாகக் குண்டுகள் ஏறி வரும், முதலில் மெதுவாக, பக்கத்தில் வந்ததும் விர்ரென்று. கப்பல் என்றால் அதில் சமையல்காரன் இருப்பான், எஞ்சின் அறையில் ஆள் இருப்பான். கடலோரத்துக்காரனுக்கு இதை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டாம். இதற்கு மேல் எழுதத் தெரியவில்லை.

பாகிஸ்தான் நீர்மூழ்கி காஸி நம் மெட்ராஸுக்கே வந்ததாமே, உண்மையா?
*வாசகர், பெரம்பூர்*

நவம்பர் கடைசியில் மெட்ராஸ் பக்கம் வந்து விக்ராந்தைத் தேடியது என்று வரலாறுகளில் எழுதியிருக்கிறார்கள். நாங்கள் அதற்குள் அந்தமான் பக்கம் போய்விட்டோம். விக்ராந்த் விசாகப்பட்டினத்தில் இருப்பதாக நம்ப வைக்க, கிழக்குக் கடற்படைத் தளபதி கிருஷ்ணன் பொய்ச் செய்திகளை அனுப்பி, அந்த ஊரில் ஒரு பெரிய கப்பலுக்கு வேண்டிய மளிகை, காய்கறியை எல்லாம் ஆர்டர் போட வைத்தார். காஸி நம்பி அங்கே போய், டிசம்பர் 3 நள்ளிரவை ஒட்டி மூழ்கியது. நம் ராஜ்புத் கப்பல் போட்ட டெப்த் சார்ஜ் என்று நாம் சொல்கிறோம், தங்கள் கண்ணிவெடியே வெடித்தது என்று அவர்கள் சொல்கிறார்கள்.

இது நடந்தபோது ராயபுரத்தில் யாருக்கும் எதுவும் தெரியாது. என் பாட்டிக்குத் தெரிந்த ஒரே எதிரிக் கப்பல் 1914-ல் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திய எம்டன்தான். குறும்பு செய்தால் என்னை 'எம்டன்' என்றுதான் திட்டுவாள்.

என் மகள் பிளஸ் டூ படிக்கிறாள். கடற்படை விமானி ஆக வேண்டும் என்கிறாள். இப்போதும் விசிறி விமானம் இருக்கிறதா? பெண்களை விடுவார்களா?
*வாசகர், வியாசர்பாடி*

விடுகிறார்கள். 2019-லேயே முதல் பெண் விமானி வந்துவிட்டார், அவர் ஓட்டியது டோர்னியர், இரண்டு விசிறி வைத்தது. நான் பார்த்த நீர்மூழ்கி வேலையை இப்போது நம் அரக்கோணத்தில் இருந்து பி-8ஐ ஜெட் செய்கிறது. அதற்கு முன் அதே தளத்தில் டுபோலெவ் 142 இருந்தது, நாலு எஞ்சினுக்கும் இரட்டை விசிறி, ஒன்று வலம், ஒன்று இடம் சுற்றும். 2017-ல் ஓய்வு கொடுத்துவிட்டார்கள்.

மகளிடம் மூன்று விஷயம் சொல்லுங்கள். கணக்கும் இயற்பியலும் விடக்கூடாது. இன்றைக்கே கண் பரிசோதனை, நிறம் பிரித்தறிவதும் சேர்த்து, ஏனென்றால் நாலு வருஷம் கனவு கண்டுவிட்டு அங்கே போய்த் தெரிந்துகொண்டு அழுத பையன்களைப் பார்த்திருக்கிறேன். நீச்சல் கட்டாயம், கடலில் விழுந்த விமானத்தில் இருந்து வெளியே வருவதைத் தண்ணீரில் தலைகீழாகக் கவிழ்த்தே பழக்குவார்கள். சந்தேகம் இருந்தால் இதழுக்கு எழுதச் சொல்லுங்கள், ஆசிரியர் என் வீட்டு முகவரி கொடுப்பார். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் வரட்டும், மதியம் தூங்குவேன்.