சேனலை மாற்றினால் போதுமா? செய்தியை ஆழமாகத் தெரிந்துகொள்ள தினமும் 40 நிமிடம்

கேள்வி: இரவில் இரண்டு மணி நேரம் செய்திச் சேனல்களில் போய்விடுகிறது. ஒரே காட்சியைத் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். விவாதத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் கத்துகிறார்கள். டிவியை அணைத்த பிறகு யோசித்தால், விஷயம் என்ன என்பதே பிடிபடவில்லை. உருப்படியான சேனல் ஏதாவது இருந்தால் சொல்லுங்கள், இல்லையென்றால் வேறு வழி சொல்லுங்கள். ஒரு நாளைக்கு 40 நிமிடத்துக்கு மேல் ஒதுக்க முடியாது.

பதில்: சேனலை மாற்றுவதால் இது தீராது. நல்ல சேனல், மோசமான சேனல் என்ற வித்தியாசம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் உங்கள் குறைக்குக் காரணம் அதுவல்ல, நேரக் கணக்கு. அரை மணி நேரச் செய்தியறிக்கையில் விளம்பரம் போக 22 நிமிடம் மிஞ்சுகிறது என்று வையுங்கள். நிமிடத்துக்கு 120 சொல் வாசித்தால் மொத்தம் 2,640 சொல். பத்துச் செய்தி சொன்னால் ஒன்றுக்கு 264 சொல். ஒரு பட்ஜெட்டை 264 சொல்லில் யார் சொன்னாலும் தலைப்புகள்தான் தேறும்.

விவாத நிகழ்ச்சியின் கணக்கு இதைவிட மோசம். ஒரு மணி நேரத்தில் விளம்பரத்துக்கு 15 நிமிடம், நெறியாளருக்கு 15 நிமிடம் போனால் மீதி 30. ஆறு பேர் உட்கார்ந்திருந்தால் ஆளுக்கு ஐந்து நிமிடம், அதுவும் துண்டு துண்டாக. ஓர் எண்ணை எடுத்துச் சொல்லி, அது எங்கிருந்து வந்தது என்று விளக்கி, விதிவிலக்கையும் சேர்த்துச் சொல்ல அதில் இடமே இல்லை. குரலை உயர்த்துபவர் கையில்தான் நிகழ்ச்சி போகும். இருந்தும் சேனல்கள் இதை விடுவதில்லை. ஒரு செய்தியாளரை வெளியூருக்கு அனுப்பி நான்கு நாள் விசாரிக்கச் சொல்வதைவிட, ஆறு பேரை ஸ்டூடியோவில் உட்கார வைப்பது செலவு குறைந்த வேலை. 1980 ஜூன் 1 அன்று சிஎன்என் தொடங்கி 24 மணி நேரச் செய்தி என்ற வடிவம் வந்த பிறகு, செய்தி இல்லாத நேரத்தையும் நிரப்பியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் எல்லாச் சேனல்களுக்கும் ஒட்டிக்கொண்டது.

அவசரம் என்ன செய்யும் என்பதற்கு 2012 ஜூன் 28 நல்ல சான்று. ஒபாமா அரசின் மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தைப் பற்றி அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எல்லோரும் காப்பீடு எடுத்தே ஆக வேண்டும் என்ற பிரிவு நிற்குமா, விழுமா என்பதுதான் கேள்வி. வணிகத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தின் கீழ் அந்தப் பிரிவு செல்லாது என்று தீர்ப்பின் தொடக்கப் பக்கங்களில் இருந்தது. அதைப் பார்த்ததுமே சிஎன்என், ஃபாக்ஸ் நியூஸ் இரண்டும் சட்டப் பிரிவு ரத்து என்று அறிவித்துவிட்டன. சற்றுத் தள்ளி, வரி விதிக்கும் அதிகாரத்தின் கீழ் அது செல்லும் என்று அதே தீர்ப்பு சொன்னது. 5-4 என்ற கணக்கில் பிரிவு தப்பியது. நீதிமன்றச் செய்திகளை மட்டுமே எழுதும் ஸ்காட்டஸ்பிளாக் என்ற சிறிய தளம் மேற்கொண்டு படித்துவிட்டுச் சரியாகச் சொன்னது. எல்லோர் கையிலும் இருந்தது ஒரே தீர்ப்பு நகல்தான். சில பக்கங்கள் கூடுதலாகப் படித்தவர்கள் தப்பினார்கள்.

ஆகவே நீங்கள் தேட வேண்டியது இன்னொரு சேனலை அல்ல. என்ன நடந்தது, அதற்கான ஆவணத்தில் என்ன இருக்கிறது, ஏன் நடந்தது என்று மூன்று கேள்விகள் இருக்கின்றன. மூன்றுக்கும் ஒரே இடத்தில் பதில் கிடைக்காது.

என்ன நடந்தது என்பதற்குச் செய்தி முகமைகள் போதும். அசோசியேட்டட் பிரஸ் (1846), ராய்ட்டர்ஸ் (1851), ஏஎஃப்பி ஆகியவை பல தரப்புப் பத்திரிகைகளுக்கும் சேனல்களுக்கும் செய்தியை விற்பவை. வலதுசாரிப் பத்திரிகையும் இடதுசாரிப் பத்திரிகையும் அவற்றின் வாடிக்கையாளர்கள் என்பதால் நடை வறட்சியாக இருக்கும். உங்களுக்கு வேண்டியது அந்த வறட்சிதான். டிவியில் நீங்கள் பார்க்கும் வெளிநாட்டுச் செய்திகளில் பெரும்பகுதி இவர்கள் அனுப்பியதன் சுருக்கம்தான். உங்கள் நாட்டு முகமை ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அரசு முகமையாக இருந்தால், அரசைப் பற்றிய செய்தியை மட்டும் வேறோர் இடத்தில் சரிபார்க்க வேண்டும்.

முகமைகளும் தவறும். 2013 ஏப்ரலில் பாஸ்டன் மாரத்தான் குண்டுவெடிப்புக்கு இரண்டு நாள் கழித்து, சந்தேக நபர் பிடிபட்டுவிட்டதாக சிஎன்என் சொன்னது. அசோசியேட்டட் பிரஸ்ஸும் சொன்னது. அப்போது யாரும் பிடிபட்டிருக்கவில்லை. எனவே பெரிய சம்பவம் என்றால் முதல் ஆறு மணி நேரத்தில் வரும் எண்ணிக்கை, பெயர், காரணம் மூன்றையும் மனதில் ஏற்றிக்கொள்ளாதீர்கள். மறுநாள் காலையில் படித்தால் உங்களுக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. உங்கள் பகுதிக்கே ஆபத்து என்றால் கதை வேறு. புயல், வெள்ளம் போன்ற நேரத்தில் வானிலைத் துறையின் அறிவிப்பை நேரடியாகப் பாருங்கள், டிவியையும் போடுங்கள்.

அடுத்தது ஆவணம். பலரும் இதைப் பார்த்து மிரள்கிறார்கள், ஆனால் மொத்த வேலையிலும் பலன் அதிகம் இதில்தான். ஓர் உதாரணத்தை முழுதாகப் பார்க்கலாம். டிவியில் கீழே ஓடும் வரி: 'பணவீக்கம் 8 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகச் சரிவு'. உடனே விலைவாசி குறைந்ததா, இல்லையா என்று விவாதம் ஆரம்பமாகும். கணக்கைப் போடுங்கள். 100 ரூபாய்க்கு விற்ற பொருள் ஓராண்டில் 8 சதவீதம் ஏறி 108 ஆனது. அடுத்த ஆண்டு 5 சதவீதம் ஏறி 113.40 ஆகிறது. விலை குறையவே இல்லை, ஏறும் வேகம்தான் குறைந்திருக்கிறது. அரசுத் தரப்பு வேகத்தைப் பேசுகிறது, எதிர்த்தரப்பு விலையைப் பேசுகிறது. இருவர் சொல்வதும் உண்மையாக இருக்கும்போதே சண்டை நடக்கிறது.

இனி புள்ளியியல் துறையின் தளத்தில் அந்த மாதத்துக்கான அறிக்கையைத் திறங்கள். முதல் இரண்டு பக்கமும் ஓர் அட்டவணையும் போதும். ஒப்பீடு சென்ற மாதத்தோடா, சென்ற ஆண்டின் இதே மாதத்தோடா என்று முதலில் பாருங்கள். டிவியில் பெரும்பாலும் விட்டுப்போவது இதுதான். எண் தற்காலிகமானதா, இறுதியானதா? தற்காலிகம் என்றால் அடுத்த மாதங்களில் மாறக்கூடும். உணவு, எரிபொருள், வாடகைக்குத் தனித்தனி வரிசைகள் இருக்கும். மொத்த எண் இறங்கியிருக்க, உணவு மட்டும் ஏறியிருக்கலாம். சென்ற ஆண்டு இதே மாதம் விலை தாறுமாறாக உயர்ந்திருந்தால், இந்த ஆண்டின் சதவீதம் தானாகவே சிறியதாகத் தெரியும் என்பதையும் கவனியுங்கள். பத்து நிமிட வேலை. இதைப் பார்த்த பிறகு, அன்றைய விவாதத்தில் யார் எதை மறைக்கிறார் என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.

சட்ட மசோதா என்றால் முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் படிக்க வேண்டாம். வரையறைப் பிரிவு, தண்டனைப் பிரிவு, எந்தத் தேதியில் அமலுக்கு வருகிறது என்ற வரி, 'எது எவ்வாறிருப்பினும்' என்று தொடங்கும் பிரிவுகள், இந்த நான்கையும் பாருங்கள். மற்றச் சட்டங்களை மீறும் அதிகாரம் அந்தக் கடைசி வகைப் பிரிவில்தான் இருக்கும். தீர்ப்பு என்றால் கடைசிப் பக்கங்களில் உள்ள உத்தரவை முதலில் படியுங்கள். நீதிபதி வாதத்தின் நடுவே சொன்ன கருத்தை, தீர்ப்பே அதுதான் என்பதுபோல் டிவியில் ஓட்டுவது வாடிக்கை.

மருத்துவச் செய்திக்கும் இப்படி ஒரு பொறி உண்டு. 2015 அக்டோபரில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, பதப்படுத்திய இறைச்சியைப் புகையிலை இருக்கும் அதே முதல் பிரிவில் சேர்த்தது. புகைபிடிப்பதற்குச் சமமான ஆபத்து என்பது போன்ற தலைப்புகள் வந்தன. அந்தப் பிரிவு, சான்று எவ்வளவு உறுதியானது என்பதைக் காட்டுகிறதே தவிர, ஆபத்தின் அளவைக் காட்டுவதில்லை. தினமும் 50 கிராம் சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய்க்கான வாய்ப்பு சுமார் 18 சதவீதம் கூடும் என்பதே மதிப்பீடு. 100 பேரில் 5 பேருக்கு வரக்கூடிய நோய் என்று வைத்தால், அது 6 பேரை நெருங்கும். சதவீதம் சொன்னால், எதிலிருந்து எதுவரை என்று கேளுங்கள்.

ஏன் நடந்தது என்பதற்கு வாரத்தில் ஒரு நாள் போதும். புலனாய்வுக்கு நாள் பிடிக்கும். 2016 ஏப்ரல் 3 அன்று வெளியான பனாமா பேப்பர்ஸ், வெளிநாடுகளில் பெயரளவு நிறுவனங்கள் வைத்துச் சொத்தை மறைப்பது பற்றிக் கசிந்த 1.15 கோடி ஆவணங்கள். ஐசிஐஜே என்ற சர்வதேசப் புலனாய்வுச் செய்தியாளர் கூட்டமைப்பு, நூற்றுக்கும் மேற்பட்ட ஊடகங்களோடு சேர்ந்து அவற்றை அலசிய பிறகுதான் வெளியிட்டது. அவர்களுடைய தளமும், லாப நோக்கற்ற அமெரிக்கப் புலனாய்வுச் செய்தித் தளமான புரோபப்ளிகாவும் இலவசம். உங்கள் மொழியில் நீண்ட கட்டுரை போடும் ஏடு ஒன்றையும் தேர்ந்தெடுங்கள். தேர்வுக்கு உரைகல் எளிது. திருத்தம் வெளியிடுகிறார்களா, பணம் எங்கிருந்து வருகிறது என்று சொல்கிறார்களா, எழுதியவர் சம்பவ இடத்துக்குப் போயிருக்கிறாரா, மூல ஆவணத்துக்கு இணைப்புத் தருகிறார்களா? நான்கில் மூன்று இருந்தால் நம்பித் தொடங்கலாம். யூடியூப் சேனல்களுக்கும் இதே உரைகல்தான். டிவியை விட்டு வந்தவர்கள் நடத்துகிறார்கள் என்பதற்காகவே அது ஆழமாகிவிடாது. ஒரே ஆள் தினமும் மூன்று வீடியோ போடுகிறார் என்றால், விசாரிக்க அவருக்கு நேரம் எங்கே?

இவற்றை ஒரே இடத்தில் திரட்ட ஃபீட் ரீடர் என்ற செயலி வேண்டும். ஃபீட்லி, இன்னோரீடர் இரண்டிலும் இலவசக் கணக்கு உண்டு. தளத்தின் முகவரியை ஒட்டினால், அதில் புதிதாக வருவதைத் தானாக அனுப்பும் செய்தியோடையை (ஃபீட்) பெரும்பாலும் அதுவே கண்டுபிடிக்கும். கிடைக்கவில்லை என்றால், முகவரியின் முடிவில் ஒரு சாய்கோடு போட்டு 'ஃபீட்' என்ற சொல்லை ஆங்கிலத்தில் சேர்த்துப் பாருங்கள், வேர்ட்பிரஸ் தளங்களில் வேலை செய்யும். அன்றாடம், ஆவணம், வாரம் என்று மூன்று அடைவுகள் வைத்து, மொத்தம் 12 ஓடைகளோடு நிறுத்துங்கள். முதல் நாளே 60 சேர்ப்பவர்கள்தான் படிக்காமல் குவிந்ததைப் பார்த்துச் சலித்து, மறுபடி டிவிக்குப் போகிறார்கள். எல்லா முகமைகளும் ஓடை தருவதில்லை, தராத முகமையின் தளத்தை நேரடியாகத் திறந்து படியுங்கள். தரும் முகமையின் முழு ஓடையைச் சேர்த்தால் ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கில் வந்து கொட்டும். உங்களுக்கு வேண்டிய பிரிவின் ஓடையை மட்டும் சேருங்கள். இன்னொரு சிக்கல், தளத்தை மாற்றியமைத்தால் பழைய ஓடை சத்தமில்லாமல் நின்றுவிடும். இரண்டு வாரம் எதுவும் வராத ஓடையைத் திறந்து சரிபாருங்கள்.

உங்கள் 40 நிமிடத்தில் காலை 10 நிமிடம் முகமைக்கு. இரவு 30 நிமிடம் ஒரே ஒரு விஷயத்துக்கு: முதலில் ஆவணம், பிறகு அதைப் பற்றி எதிரெதிர் நிலைப்பாடு உள்ள இரண்டு கட்டுரைகள். ஞாயிறன்று 40 நிமிடமும் ஒரே நீண்ட கட்டுரைக்கு. செய்திச் செயலிகளின் நோட்டிஃபிகேஷனை முழுவதும் அணைத்துவிடுங்கள். அது இருந்தால் இந்த ஏற்பாடு நிற்காது.

தினமும் ஐந்து விஷயத்தைப் பிடிக்க ஆசைப்படாதீர்கள், மறுபடி தலைப்போடு நின்றுவிடுவீர்கள். விவாதத்தின் பரபரப்பு இல்லாததால் முதல் இரண்டு வாரம் வெறுமையாகத்தான் இருக்கும். அந்த நாட்களில் டிவி போட்டே ஆக வேண்டும் என்று தோன்றினால், நாடாளுமன்ற நேரலையோ வாக்கு எண்ணிக்கையோ போல இடையில் ஆள் இல்லாமல் வருவதைப் பாருங்கள். ஒரு மாதம் ஓடிய பிறகு, உண்மையிலேயே படிக்கும் ஏடு எது என்று பார்த்து, அந்த ஒன்றுக்கு மட்டும் சந்தா கட்டுங்கள். முதலிலேயே நான்கு சந்தா எடுத்துவிட்டுப் படிக்காமல் விடாதீர்கள்.