டீசல் பம்பைக் கழற்றும் முன் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள்

சோழவந்தான் பக்கமிருந்து ஒரு விவசாயி கேட்டிருக்கிறார்: பழைய டிராக்டர், செல்ப் அடித்ததும் பிடித்துவிடுகிறது, இரண்டு மூன்று நிமிடம் ஓடி விக்கி விக்கி நின்றுபோகிறது, பத்து நிமிடம் விட்டு அடித்தால் மறுபடி ஓடுகிறது. பம்பைக் கழற்றி மதுரைக்குக் கொண்டுபோகச் சொல்கிறார்கள், போகலாமா?

அவசரப்படாதீர்கள். தட்டியதும் பிடிக்கிற இன்ஜினில் கம்ப்ரஷன் (சிலிண்டர் காற்றை அழுத்தும் திறன்), டீசலைத் தெளிக்கும் நாசில் எல்லாம் பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும். ஓடி நிற்கிறது என்றால் டீசல் போதுமான அளவு வந்து சேரவில்லை. அதிலும் பத்து நிமிடம் விட்டால் ஓடுகிறது என்றீர்களே, அங்கேதான் விஷயம் இருக்கிறது.

டேங்க் மூடியில் காற்று போக ஒரு சின்ன ஓட்டை இருக்கும். உழவுச் சேறும் அறுப்புத் தூசியும் அதை அடைத்துவிட்டால், டீசல் இறங்க இறங்க உள்ளே வெற்றிடமாகி மேற்கொண்டு இறங்காது. வண்டி நின்று கிடக்கும்போது கொஞ்சம் கொஞ்சமாகக் காற்று கசிந்து உள்ளே போகும், அப்புறம் மறுபடி ஓடும். அடுத்த முறை நின்றதும் மூடியைத் திருகுங்கள். 'உஸ்' என்று காற்றை இழுத்தால் அதுதான் கோளாறு. மூடியைக் கழுவி ஓட்டையில் மெல்லிய கம்பி விட்டு எடுங்கள், போதும்.

சத்தம் இல்லையா? ஒரு சுத்தமான கேனில் டீசல் ஊற்றி இன்ஜினுக்கு மேலே உயரத்தில் வைத்து, அதிலிருந்து ஒரு டியூபை பீட் பம்புக்கு (டேங்கிலிருந்து டீசலை இழுத்துத் தரும் சின்ன பம்ப்) நேராகக் கொடுத்து ஓட்டுங்கள். நிற்காமல் ஓடினால் டேங்கில் டீசல் வெளியேறும் வாயில் அழுக்கு, அல்லது வரும் டியூபில் கீறல். அப்போதும் நின்றால் பில்டரை மாற்றுங்கள். அடியில் தேங்கிய தண்ணீரையும் இறக்கிவிடுங்கள்.

பில்டர் மாற்றினால் ஏர் எடுத்தே ஆக வேண்டும், அதாவது டீசல் வழியில் புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும். பில்டர் மேலுள்ள ஏர் ஸ்குரூவைத் தளர்த்திக் கைப்பம்பை அடியுங்கள், முதலில் சோப்பு நுரை மாதிரி வரும், நுரை நின்று தெளிந்த டீசல் வரும்வரை அடித்து, கை ஓயாமலே ஸ்குரூவை இறுக்குங்கள். மறுநாளே திரும்ப ஏர் பிடித்தால் போல்ட்டுக்கு அடியிலுள்ள செம்பு வாஷரைப் பாருங்கள். நசுங்கிய பழைய வாஷரை எவ்வளவு இறுக்கினாலும் காற்று புகும், புதிதாகப் போடுங்கள்.

இன்ஜினை நிறுத்த இழுக்கும் ஸ்டாப் கேபிள், விட்டதும் முழுதாகப் பழைய இடத்துக்குத் திரும்புகிறதா என்றும் பாருங்கள். இவ்வளவும் பார்த்த பிறகும் நின்றால் பம்பை அனுப்பலாம்.

காமன் ரெயில் வண்டி (எல்லா நாசிலுக்கும் ஒரே குழாயிலிருந்து உயர் அழுத்தத்தில் டீசல் போகும் புதிய வகை) வைத்திருப்பவர்கள் இதைப் பார்த்து ஹை பிரஷர் பைப்பில் ஸ்பேனர் போடாதீர்கள், அதில் ஆயிரம் பாருக்கு (சாதாரணக் காற்றழுத்தத்தைப் போல் ஏறக்குறைய ஆயிரம் மடங்கு) மேல் அழுத்தம், பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும்.