பாதி குத்துவதற்குள் ஸ்டென்சில் அழிகிறதா?

புதுக்குடியிருப்பிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். சலூனுக்குப் பின்னால் ஒரு சின்ன அறையில் டாட்டூ குத்தத் தொடங்கி நாலு மாதமாம். குத்துமுன் படத்தைத் தோலில் பதிக்கிற ஸ்டென்சில் தாளைக் கொழும்பிலிருந்து எடுப்பித்தாராம், அது தோலில் நல்லாத்தான் விழுகிறது, ஆனால் பாதி குத்துவதற்குள் கோடு அழிந்துவிடுகிறது, சில நேரம் ஊதாவாகப் பரவுகிறது, ஒருமுறை பெயரே இடம் வலம் மாறி விழுந்துவிட்டது. "தாள் கூடாத தாளா அண்ணா? பேசாமல் பில் கொப்பிக்கு வைக்கிற காபன் தாளைப் பாவிக்கலாமா?"

காபன் தாள் வேண்டாம். அதில் இருப்பது மெழுகில் குழைத்த கறுப்பு. கடதாசியில் பதியச் செய்தது, தோலில் அரையும் குறையுமாகத்தான் ஒட்டும், ஊசி போகிற இடத்தில் வைக்கத் தயாரித்த சாமானும் இல்லை. உங்களிடம் இருக்கிற தாளில் அநேகமாகப் பிழை இராது. பிழை தோலில், பொறுமையில், துடைக்கிற கையில்.

முதலில் அந்த ஊதா என்னவென்று தெரிந்துகொண்டால் பாதிப் பிரச்சினை விளங்கிவிடும். முந்தி ஸ்பிரிட் விட்டுப் பிரதி எடுக்கிற மெஷின் ஒன்று இருந்தது, 1923இல் ஜேர்மனியில் வந்தது, ஊதா எழுத்தில் பரீட்சைத் தாள் அடித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். உங்கள் ஸ்டென்சில் தாள் அந்தக் குடும்பம்தான். ஸ்பிரிட் பட்டால் சாயம் கொஞ்சமாகக் கரைந்து அடுத்த தாளில் ஒட்டும், அதுதான் அந்த மெஷினின் முழு வித்தையும். இப்போது யோசித்துப் பாருங்கள். தோலை ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டு, அது காயுமுன் தாளை வைத்தால் என்ன நடக்கும்? சாயம் கரைந்து ஓடும். நீங்கள் சொல்லும் "ஊதாவாகப் பரவுகிறது" அனேகமாக இதுதான், அல்லது சாயம் தோலில் பிடிக்கப் பூசுகிற ஸ்டென்சில் ஜெல்லை அள்ளிப் பூசியிருக்கிறீர்கள்.

ஆகவே ஒழுங்கு இப்படி. மயிர் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் புது ரேசரால் வழியுங்கள், பூனைமயிர் தாளைத் தூக்கிப் பிடித்துக்கொள்ளும். சவர்க்காரத் தண்ணீரால் கழுவி, பிறகு ஸ்பிரிட்டால் துடையுங்கள், ஒரு தரம் போதாது, வன்னியில் காலையில் தலைக்கும் உடம்புக்கும் எண்ணெய் வைத்து முழுகிவிட்டு நேரே உங்களிடம் வருகிற ஆட்கள் உண்டு, டிசுவில் மினுக்கம் வராத வரைக்கும் துடைக்கத்தான் வேண்டும். மரக்கிற கிறீம் பூசிக்கொண்டு வருகிறவர்களுக்கும் இதே கதை. நன்றாகக் காய்ந்த பிறகு ஜெல் ஒரு சொட்டு, கையுறை விரலால் மெல்லிய படலமாகத் தேய்த்து, தொட்டால் பிசுபிசுக்கிற பதம் வரும்வரை நில்லுங்கள். ஈரமாக மினுங்கினால் கூடிப்போச்சு.

ஜெல் இல்லாமல் குச்சி டியோடரன்ட் பூசுகிறவர்களும் இருக்கிறார்கள், வேலை செய்யும். ஆனால் குச்சியை ஆளின் தோலில் நேரே தேய்க்காதீர்கள். வழித்த தோலில் கண்ணுக்குத் தெரியாத கீறல் இருக்கும், அதில் பட்ட குச்சி அடுத்த ஆளுக்கும் போகும். ஹெபடைடிஸ் பி வைரஸ் உடம்புக்கு வெளியே 7 நாளாவது உயிரோடு இருக்கக்கூடியது. கொஞ்சத்தைக் கையுறையில் வழித்து எடுத்துப் பூசுங்கள். ஒரு ஆளின் தோலில் பட்ட ஸ்டென்சிலையும் இன்னொருவருக்கு வைக்கக் கூடாது, படம் ஒன்றுதானே என்று மிச்சம் பிடிக்காதீர்கள்.

தாளை வைக்கும்போது ஆளை நிமிர்ந்து, கையைத் தளரவிட்டு நிற்கச் சொல்லுங்கள். கதிரையில் கையை முறுக்கி வைத்துக்கொண்டு ஒட்டினால் எழும்பியதும் படம் சரிந்து நிற்கும். வளைவான இடமென்றால் தாளின் ஓரத்தில் நாலைந்து வெட்டு விடுங்கள். நடுவிலிருந்து வெளியே அழுத்துங்கள், உரசக் கூடாது, அசைந்தால் கோடு இரட்டையாகிவிடும். ஒரு நிமிடம் பிடித்துவிட்டு ஒரு மூலையிலிருந்து மெதுவாக உரியுங்கள். கோணல் என்று பட்டால் வெட்கப்படாமல் ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டு புதுத் தாளில் திரும்ப வையுங்கள், ஒரு தாளின் காசு ஒரு மனிதனின் கையைவிடப் பெரிதில்லை.

அப்புறம்தான் நீங்கள் விடுகிற பெரிய பிழை என்று நினைக்கிறேன். உரித்ததும் மெஷினைக் கையில் எடுக்கிறீர்கள், இல்லையா? குறைந்தது 15 நிமிடம் காயவிடுங்கள். மாரியில் காற்றே ஈரமாக இருக்கும்போது அரை மணித்தியாலம்கூட விடுவேன். சோளகத்தில் சீக்கிரம் காயும், ஆனால் தகரக் கூரைக்குக் கீழே ஆளுக்கு வேர்த்துக் கொட்டும், ஃபேனைப் போட்டால் தூசி பறக்கும், கதவைச் சாத்திவிட்டு ஃபேனை ஆளின் முதுகுப் பக்கம் திருப்புங்கள். காய்ந்த பிறகு வசலின் மிக மெல்லியதாகத் தடவினால் கோட்டுக்கு ஒரு மூடி போல இருக்கும். காயுமுன் தடவினால் எல்லாம் போச்சு.

குத்தும்போது வலக்கைக்காரர் கீழ் வலது மூலையில் தொடங்கி மேலே இடப்பக்கமாகப் போகவேண்டும். கையும் டிசுவும் முடிந்த பகுதியில்தான் இருக்கும், முடியாத கோட்டில் படாது. அதாவது பெயரைக் கடைசி எழுத்திலிருந்து குத்துகிறீர்கள். மையைத் தேய்த்துத் துடைக்காதீர்கள், ஒற்றி எடுங்கள்.

தமிழில் பெயர் குத்துகிறவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்லவேண்டும், இங்கிலீஸ் வீடியோக்களில் இது இராது. முதலில் அழிவது புள்ளிதான். எங்கள் பக்கம் பெயர் குத்த வருகிறவர்களில் பாதிப் பேர் இல்லாமல் போனவர்களின் பெயரோடுதான் வருகிறார்கள், அங்கே எழுத்துப் பிழை விடமுடியாது. ஒருநாள் "கண்ணன்" என்று முன்கையில் வைத்தேன். வேர்வையில் கோடு மங்கி, முதல் ண் இரண்டு சுழியாகத் தெரிந்தது, நான் படத்தைப் பார்க்காமல் கண்ணில் தெரிந்ததை நம்பி ஊசியை வைக்கப் போனேன். "அண்ணை, அது மூன்று சுழி" என்று அந்தப் பிள்ளையே சொன்னாள். அவளுடைய தமையனின் பெயர். அன்றிலிருந்து ஒவ்வொரு புள்ளியையும் சுழியையும், காய்ந்த ஸ்டென்சிலுக்கு மேல் மெல்லிய சேர்ஜிக்கல் மார்க்கரால் திரும்பக் குறித்துவிட்டுத்தான் தொடங்குகிறேன், பெயரைக் கடதாசியில் பெரிதாக எழுதி முன்னால் ஒட்டியும் வைப்பேன். கறுத்த தோலில் ஊதா மங்கலாகத் தெரியும்போது சிவப்பு மார்க்கர் உதவும். இன்னொன்று, மை வருசக் கணக்கில் தோலுக்குள் கொஞ்சம் பரவும். ண, ழ, ஞ, ணை எல்லாம் சின்னதாக வைத்தால் சுழி அடைபட்டுவிடும். ஒரு சென்ரிமீற்றருக்குக் குறைந்த உயரத்தில் நான் தமிழ் எழுத்துக் குத்துவதில்லை, ஆட்கள் கோபித்தாலும் பரவாயில்லை.

இடம் வலம் மாறியது ஏன் என்றால்: ஸ்டென்சில் தாளில் மேலே வெள்ளைத் தாள், அதன் கீழ் மெல்லிய டிசு, பிறகு ஊதாச் சாயத் தாள், அடியில் மஞ்சள் தாள். கையால் வரையும்போது டிசுவை எடுத்துவிட்டு வெள்ளையில் நேராக எழுதுங்கள். சாயம் வெள்ளையின் பின்பக்கம் மாறி ஒட்டும், தோலில் வைத்ததும் திரும்பவும் நேராகும். வெள்ளையில் எப்படி வாசிக்கிறீர்களோ, கையிலும் அப்படித்தான் வரும். நீங்கள் போனிலேயே படத்தைத் திருப்பிவிட்டுப் பிறகு வரைந்திருப்பீர்கள். ஸ்டென்சில் மை ஊற்றிய பிரின்டரில் அடிக்கிறவர்களுக்குத்தான் திருப்பவேண்டும், அந்த வீடியோவைப் பார்த்திருப்பீர்களோ தெரியாது. ஆளுக்குக் கண்ணாடியில் காட்டாதீர்கள், முன் கமராவிலும் காட்டாதீர்கள், இரண்டிலும் மாறித் தெரிந்து பயந்துபோவார். பின் கமராவில் படம் எடுத்துக் காட்டி, அவர் வாயால் எழுத்தெழுத்தாக வாசிக்கச் சொல்லுங்கள்.

எடுத்த டிசுவை எறியாமல் தாளுக்கு இடையில் திரும்ப வைத்து, முழுக்கட்டையும் பிஸ்கற் ரின்னில் போட்டு, கூரைக்குக் கிட்ட இல்லாமல் கீழ்த்தட்டில் வையுங்கள். வைகாசி வெக்கையில் என்னுடைய ஒரு பெட்டி முழுக்க ஒன்றோடொன்று ஒட்டி ஊதாக் கட்டியாகிவிட்டது.